அம்மிக்கு அடியில் தேயிலைக்காரி

பழைய காகிதத்தை விரிப்பதில் அவசரம் கூடாது. பல வருஷம் சுருட்டிக் கிடந்த தாளைக் கையால் இழுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். எங்கள் மலையில் அதற்கு ஒரு வசதி உண்டு. சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தில் தாள் தானாக இளகிக் கொடுக்கும். படங்களுக்குச் சட்டம் போடும் வேலையை ஈப்போவில் ஒரு சீனர் கடையில் பழகினேன். இதை மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன்.

எங்கள் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளி போய் ஐந்தாம் படிவம் முடித்த முதல் ஆள் நான். ஈப்போவிலிருந்து தேயிலை எஸ்டேட்டுக்குத் திரும்பியதும் என்னை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாகப் பார்க்க அப்பா ஆசைப்பட்டார். பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஒரு மேசை போட்டு, பழைய படங்களுக்குச் சட்டம் போடப் போகிறேன் என்றேன்.

"கண்ணாடி வெட்டவாடா உன்னைப் படிக்க வச்சேன்?"

"ஒரே ஒரு வேலை செஞ்சு காட்டுறேம்ப்பா. அப்புறம் பேசுங்க."

அந்த ஒரு வேலை எஸ்டேட் மேனேஜரான துரையிடமிருந்து வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. துரை வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான். பங்களாவின் சாமான் அறையில் மூன்று சுருள்கள் கிடைத்திருந்தன. எல்லாம் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு அச்சான விளம்பரத் தாள்கள். இன்னொரு பிரதி தேடினாலும் கிடைக்காது என்று அவருடைய கோலாலம்பூர் நண்பர் சொன்னாராம். துரை ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

"இதை ஒழுங்கா செஞ்சா மத்த ரெண்டும் உனக்கு. கெடுத்தா எல்லாம் கோலாலம்பூருக்குப் போயிடும், தெரிஞ்சுக்கோ."

இரவெல்லாம் பனியில் இளகிய தாளை மறுநாள் காலையில் விரித்தேன். கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணின் படம். பட்டுப் புடவை, கை நிறைய வளையல், முதுகில் கூடை. பக்கத்து வீட்டு அத்தை வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் எட்டிப் பார்த்தார்.

"பட்டு கட்டிக்கிட்டு மலைக்குப் போறாளா இவ? அட்டை கடிக்கிறப்ப தெரியும் லா!"

அந்தத் தாளை ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகை போட்டு, பலகை மேல் எங்கள் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். அந்த வீட்டில் அதைவிடக் கனமான பொருள் வேறு இல்லை. பிறகு கண்ணாடி வாங்க தானா ராத்தாவுக்கு லோரி ஏறினேன். அன்று வெள்ளிக்கிழமை.

திரும்பி வந்தபோது அம்மி அதன் பழைய இடத்தில் இருந்தது. அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். படத்துப் பெண் பலகை மேல் படுத்திருந்தாள். நெற்றியில் குங்குமம்.

"என்னம்மா செஞ்சே?"

"நீதான்டா என்ன செஞ்சே? மலையிலேர்ந்து வந்து அம்மியைத் தேடுறேன், காணோம். கடைசியில பார்த்தா, வெள்ளிக்கிழமை அதுவுமா ஒரு பொம்பள வெறும் நெத்தியோட அதுக்கு அடியில கிடக்குறா. விளக்கு ஏத்துறப்ப அவளுக்கும் ஒரு பொட்டு வச்சேன்."

"இது சாமி படம் இல்லம்மா!"

"நான் எப்படா சாமின்னேன்?"

எங்கள் லயத்து வீடுகளில் எந்தப் படத்துக்கும் பொட்டு வைத்த பிறகுதான் கண்ணாடி போடுவார்கள். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாளில் ஈரம் இருந்தது. ஈரத்தில் குங்குமம் இறங்கிவிடும்.

நான் அதைத் தொடவே இல்லை. தேய்த்திருந்தால் நெற்றி முழுக்கச் சிவந்திருக்கும். நன்றாகக் காயவிட்டு, புதிதாக வாங்கிய சவரத் தூரிகையால் மேல் தூளை மட்டும் தட்டினேன். மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு மிஞ்சியது. ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிச் சோதித்தேன். பஞ்சில் அச்சு மையே வந்தது. ஆகவே கழுவ வழியில்லை.

"கலர் பென்சிலால மூடிடு, துரைக்கு என்ன தெரியப் போகுது?" என்றார் அப்பா. கண்ணாடி வெட்டுவது பிடிக்காத மனிதர், எனக்காக யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

"வேணாம்ப்பா. இருக்கிறபடியே கொண்டு போறேன்."

அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. பின்னால் தாளை மஞ்சளாக்காத பருத்தி அட்டை. மேல் ஓரத்தை மட்டும் மெல்லிய காகிதத் துண்டுகளாலும் கஞ்சிப் பசையாலும் பிடித்தேன். தாள் சுருங்கவும் விரியவும் இடம் வேண்டும். கண்ணாடி தாளைத் தொடாமல் இருக்க நடுவில் ஒரு அட்டை விளிம்பு. தொட்டால் எங்கள் மலையில் பூசணம் பிடித்துவிடும்.

பங்களாவில் துரை சட்டத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நெத்தியில இது என்ன? முன்னாடி இல்லையே?"

"இல்லைங்க துரை. எங்க அம்மா வச்ச குங்குமம்." நடந்ததை அப்படியே சொன்னேன்.

"மேல கொஞ்சம் கலர் அடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா என்னைவிடக் கை தேர்ந்தவங்க இந்தக் கறையை ஒரு நாள் எடுக்கலாம். மேல கலர் அடிச்சுட்டா அவங்களாலயும் முடியாது."

அவர் சட்டத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கணப்பு அடுப்புக்கு மேலே இருந்த வெற்றுச் சுவரைக் காட்டி, "அங்க மாட்டு" என்றார்.

"அங்க வேணாங்க துரை."

"என் வீட்டுல எங்க மாட்டணும்னு நீ சொல்றியா?"

"சட்டம் போட்டவன் நான்தானுங்களே. குளிருக்கு நெருப்பு மூட்டுவீங்க. சூட்டுல தாள் வறண்டு வெடிக்கும், புகையும் ஏறும். ஆபீஸ் உள்சுவத்துல மாட்டுங்க. வெயிலும் படாது, மழை ஈரமும் ஏறாது."

எங்கள் ஆட்களில் யாரும் துரையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் அடுப்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மற்ற இரண்டு சுருள்களையும் எடுத்து வந்தார்.

"இதுங்களை உங்க அம்மா கண்ணுல காட்டாதே."

சுருள்களோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா அவற்றைப் பார்த்தார். "மேசையை எங்க போடப் போறே? பஸ் ஸ்டேஷன் பக்கமா?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "ரெண்டுலயும் பொம்பள இருக்காளாடா?"

"ஒண்ணுல ஓரத்துல கப்பல் தெரியுது. ரெண்டையும் இன்னும் விரிக்கலைம்மா."

"விரிச்சுட்டுச் சொல்லு" என்றாள். அம்மியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னாள்.