அண்ணாச்சியின் ஈரலும் அக்காவின் கிட்னியும்

எங்கள் போர்மேன் சாகக் கூடாது என்று நான் படாத பாடு பட்டேன். தெருவில் இதை இரக்கம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத் தங்கமான மனசாம். அந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நானும் என் அக்காவும் திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினோம். அக்காவைக் கட்டியவன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே பஸ், வேலை ரூமிலும் அடுத்தடுத்த இடம். நான் ஒரு சரம் முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள். கை வேகம் மட்டும் காரணமில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள்.

கக்கூஸ் கம்பெனியின் கடைசியில் வேலியோரம் இருந்தது. வெயிலில் நடந்து போய் வரக் கால் மணி நேரமாகும். போகிறவளைப் பார்த்து போர்மேன், "என்ன தாயி, ஊர்வலமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் வாய்க்குப் பயந்து பெண்கள் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அந்த வழி. காலையில் ஒரு டீ, மதியம் சோற்றோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் குடம் வேப்பமரத்தடியில் நிறைந்தபடியே கிடக்கும்.

நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். அதற்கும் அண்ணாச்சி வழி வைத்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து வலி மாத்திரை அட்டையை எடுத்து, விபூதி கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு கையிலும் ஒன்று வைத்துக்கொண்டே போவார். சீசன் மாத்திரை என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். தீபாவளி ஆர்டர் நெருங்கினால் ஒன்று இரண்டாகும். "போட்டுட்டு உக்காரு தாயி, வலி பறந்துரும்" என்பார். அக்கா அதைத் தண்ணீர்கூட இல்லாமல் எச்சிலிலேயே விழுங்குவாள். நான் பாதி நாள் தூக்கிப் போட்டுவிடுவேன், கசப்பு பிடிக்காது. அந்தக் கசப்புதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்படி நாலைந்து சீசன் போயிற்று. ஒரு வருடம் அக்காவின் முகம் காலையில் உப்பலாக இருக்க ஆரம்பித்தது. உடம்பு வைத்துவிட்டது, தனியாக எதையோ வாங்கித் தின்கிறாள் என்று ரூமில் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சோறு செல்லவில்லை. வாந்தி எடுத்தாள். தோல் நிறம் மங்கி, உடம்பெல்லாம் அரித்தது. எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், காமாலை. அவள் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அண்ணாச்சியே ஆனைக்குட்டம் பக்கம் பச்சிலை கொடுக்கிறவரிடம் போகச் சொல்லி, அரை நாள் லீவும் கொடுத்தார். அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டினார்.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். உப்பில்லாப் பத்தியம். சூடு தணிய இளநீர், நாளைக்கு நாலு. சாத்துக்குடிச் சாறு. இத்தனை வருடம் அவள் குடிக்காத தண்ணீரையெல்லாம் ஒரே வாரத்தில் குடிக்க வைத்துவிட வேண்டும் என்கிற மாதிரி ஊட்டினேன். ஏழாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது, கையும் காலும் துவண்டன. விருதுநகருக்குத் தூக்கிப் போனோம். அங்கே ரத்தத்தைப் பார்த்த கையோடு மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். "இளநி யார் கொடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். அவளுக்குக் கெட்டிருப்பது ஈரல் இல்லை, கிட்னி என்றார். எனக்கு இரண்டும் வயிற்றுக்குள் கிடக்கிற சமாச்சாரம், ஒன்றுக்குச் சேர்வது இன்னொன்றுக்கும் சேரும் என்றுதான் நினைப்பு.

அந்த அம்மா சொன்னதில் எனக்கு விளங்கியது இது. ஈரல் மாற்றுகிற இடம். தின்ற சோற்றைச் சத்தாக மாற்றிச் சேர்த்து வைக்கும், பித்தம் சுரக்கும், சாராயமோ மாத்திரையோ உள்ளே வந்தால் அதன் விஷத்தை முறிக்கும். கிட்னி சலிக்கிற இடம். ரத்தத்தைச் சலித்துக் கழிவையும் மிஞ்சிய உப்பையும் மூத்திரத்தில் தள்ளும், உடம்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கலாம் என்று பார்த்துக்கொள்ளும். ஈரல் கெட்டால் கண்ணில் மஞ்சள் காட்டும். கிட்னி முக்கால்வாசி போகிறவரை வாயே திறக்காது. தண்ணீர் காணாத உடம்பில் தினமும் வலி மாத்திரை விழுந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான். இளநீரில் இருக்கிற ஒரு உப்பு நல்ல கிட்னிக்குப் பொருட்டே இல்லை. கெட்ட கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாது, தங்கிப்போன உப்பு நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடும்.

"மருந்து கொடுத்தா சரியாயிருமா?" என்றேன்.

"ஈரலா இருந்தா பாதி போனாலும் திரும்ப வளரும்மா. இது வளராது" என்றார்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மதுரை பஸ். மெஷினில் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குடிக்க முடிந்த காலத்தில் குடிக்க விடவில்லை, இப்போது கேட்டால் நான் கொடுக்க முடியவில்லை. "நாக்க மட்டும் நனைச்சுக்கிடுதேன்" என்று கெஞ்சுவாள். எட்டு மாதம் அப்படி இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விட்டாள்.

அண்ணாச்சி மாலையோடு வந்தார். என் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்ல வேலைக்காரி. பாவம், காமாலை கொண்டுபோயிருச்சு" என்றார். மாத்திரை கொடுத்த கையாலேயே மாலையும் போட்டுவிட்டு, நோயின் பெயரையும் மாற்றுகிறார் பாருங்கள். அந்த நிமிஷம் முடிவு செய்தேன். காமாலை இல்லை என்பதை இவர் வாயால், அந்த ரூமில், எல்லோர் காதும் கேட்கச் சொல்ல வைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். பிழைப்புக்கு அதே ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, அவருக்கே காமாலை வந்தது. இது நிஜக் காமாலை. கண் மஞ்சள் கிழங்காட்டம் இருந்தது, வயிறு வீங்கியிருந்தது. குடி அப்படி. அவர் சம்சாரம், எங்களுக்கு மதினி, என்னைத் தேடி வந்தார். "ஆஸ்பத்திரி நெளிவு சுளிவெல்லாம் தெரிஞ்சவ நீதான். ஒரு வார்த்த சொல்லு தாயி" என்று அழுதார். பச்சிலை கொடுக்கிறவரின் வழி எனக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் செத்தவர் வாயிலிருந்து என்ன வார்த்தை வரும்? மறுநாளே நான் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். ஈரல் வீங்கித்தான் இருக்கிறது, சுருங்கவில்லை, குடியை அடியோடு விட்டால் தேறிவிடும் என்றார்கள். எனக்கு எரிந்தது. அப்படிப்பட்ட உறுப்பு இவருக்கு, வளராத உறுப்பு அவளுக்கு.

ஒவ்வொரு செவ்வாயும் அவர் வீட்டுக்குப் போனேன். குடிக்கிறாரா என்று மோந்து பார்ப்பேன், மருந்தை எண்ணுவேன், மதினியை வைத்துப் பாட்டில்களை உடைக்கச் செய்தேன். எழுந்து வரும்போது ஒரே கேள்வி கேட்பேன். "எங்க அக்கா எதுல செத்தா அண்ணாச்சி?"

முதலில் விதி என்றார். பிறகு கத்தினார். ஒருநாள், "இளநி ஊத்துனது யாரு, நீதான?" என்றார். அது குத்தியது, மறைக்கவில்லை. இன்றைக்கும் குத்துகிறது.

"ஆமா, நான்தான். நான் டாக்டர்கிட்டயே ஒத்துக்கிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆறு மாதத்தில் கண் வெளுத்து, வயிறு வற்றி, ஆள் தேறிவிட்டார். வேலைக்கு வந்த முதல் நாள் ரூமில் லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கதவருகே வந்து நின்றார். நான் கேட்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

"இந்தப் பிள்ளையோட அக்காளுக்குக் காமாலை இல்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது. "தண்ணி குடிக்க விடாம, நான் கொடுத்த மாத்திரையில கிட்னி போயிருச்சு. நீங்க இனி யாரு கொடுத்தாலும் போடாதீக."

மூலையில் இருந்தவள் சரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவரைத் தாண்டி வேப்பமரத்தடிக் குடத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். அடுத்தவளும் போனாள். சீசன் நேரத்தில் வேலை நின்றது. அவர் கதவருகிலிருந்து ஒதுங்கி வழி விட்டார்.

என்னருகே வந்து, "இனி செவ்வாக்கிழமை வராத தாயி. சொல்லிட்டேன்ல. மனசு ஆறுச்சா?" என்றார்.

ஆறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உள்ளே தேடிப் பார்த்தேன், ஒன்றும் ஆறியிருக்கவில்லை.

"நீங்க நூறு வயசு இருக்கணும் அண்ணாச்சி" என்றேன். "அம்புட்டு வருசமும் இது உங்களுக்கு மறக்கக் கூடாது. செவ்வாக்கிழமை வாரேன்."