குவைத் வீட்டு அரபி

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த நாலாம் நாள், நான் புலம்பெயர்ந்து வந்திருந்த வெக்ஸ்போர்ட்டில் ஒரு லெபனான்காரரின் பேக்கரியில் வேலைக்குப் போனேன். ஒரு கிழமை ட்ரையல். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அரபி தெரியும் என்று சொன்னதால்தான் கூப்பிட்டார்கள். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் எட்டு வருடம் வேலை செய்தவர். ஊருக்கு வந்தபின் எனக்கு விளையாட்டாக அரபி சொல்லித் தந்தார்.

முதல் நாளே கவுண்டரில் நீண்ட லைன். எல்லாரும் ‘என்ன’ என்பதற்கு ‘ஷூ’ என்றார்கள். நான் ‘ஷினு’ என்றேன். முன்னால் நின்ற வயதான டமாஸ்கஸ்காரி ஒவ்வொரு ரொட்டியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதற்றம்.

“யல்லா, பிஸுர்ஆ!” என்றேன். கெதியாய், சீக்கிரம் என்று அர்த்தம்.

அவர் ரொட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

உள்ளே ரொட்டி அடுப்படியில் வேலையாய் நின்ற ரஞ்சன் அண்ணை எட்டிப் பார்த்தார். “என்ன பிள்ளை, சனத்தை வெருட்டுறாய்? உது பேக்கரியோ, பொலிஸ் ஸ்டேஷனோ?”

“அரபியிலதானே அண்ணை கதைச்சனான்!”

“ஓம், ஓம். மனிசி போன வேகத்தில தெரிஞ்சுது.”

முதலாளியம்மா கூப்பிட்டு, அரபி எங்கே படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். என் இங்கிலிஷ் அரைகுறை. அதனால் அவர் சொன்னதை ரஞ்சன் அண்ணைதான் தமிழில் சொன்னார்.

“பிழையான அரபி இல்லையாம் பிள்ளை. குவைத் பக்கத்துப் பேச்சாம். ஆனா...” கொஞ்சம் நிறுத்தினார். “வீட்டுக்காரர் வேலைக்காரிக்குச் சொல்லுற மாதிரிக் கதைக்கிறியாம்.”

வா. கொண்டு வா. கெதியாய். இன்னும் முடியேல்லையோ. எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். எட்டு வருடமும் அம்மாவின் காதில் விழுந்ததும் அதுதான். அதை அவர் சிரித்துச் சிரித்தல்லவா எனக்குச் சொல்லித் தந்தார்!

வேலை போய்விட்டது என்று ஏப்ரனைக் கழற்றினேன்.

“கட்டு, கட்டு. நாளைக்கும் வரட்டாம்,” என்றார் அண்ணை. முதலாளியம்மா இரண்டு சொல் சொல்லித் தந்தார்: “தஃபத்தலி, கால்தோ.” எடுங்கோ அன்ரி என்கிற மாதிரி.

அடுத்த நாள் காலை அந்த டமாஸ்கஸ்காரி வந்தார். முதலாளியம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாராம்.

“தஃபத்தலி, கால்தோ,” என்றேன்.

அவர் கவுண்டரில் விரலால் தட்டினார். “யல்லா, பிஸுர்ஆ!” என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். லைனே சிரித்தது. அம்மா போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது அங்கே எனக்கு இரண்டு வருடம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு சொல்லைப் படித்தால், அதை யார் யாருக்குச் சொல்வது என்றும் கேளுங்கள். அம்மாவிடம் நான் அதைக் கேட்கவில்லை.