தேற வேண்டிய பரிசோதனை

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டாக்டரைப் பார்ப்பதென்றாலே அவருக்கு அது டிப்போவில் வருஷா வருஷம் நடக்கும் தகுதிச் சோதனை மாதிரிதான். கண் தெரிகிறதா, தெரிகிறது. காது கேட்கிறதா, கேட்கிறது. காய்ச்சலோடு போய்க்கூட, "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வருவார். டிரைவர்கள் எல்லாருமே அப்படித்தான். வாய் தவறி உண்மையைச் சொன்னவன் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியதுதான்.

போன வருஷம் அவருக்கு நடை தடுமாறியது. தெருமுனை வருவதற்குள் தொடை இரண்டும் கனத்துவிடும். எங்கேயாவது குனிந்து உட்கார்ந்தால்தான் சரியாகும். முதுகுத்தண்டில் நரம்பு போகிற பாதை சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள்.

"அதுவரைக்கும் உக்காந்து ஓட்டுறதுல என்ன கஷ்டம்?" என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார் மகராசன்.

ஒரு நாள் கடைவீதியில் அவருடைய வலது செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. இவர் பாட்டுக்கு வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறார். "என்னங்க, செருப்பு!" என்று கத்தினேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"பழசாயிடுச்சு, லூசாப் போச்சு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம். வெளியே சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? அந்தக் கால்தானே பிரேக்கை மிதிக்கிறது?

ஆபரேஷனுக்கு முன்னால் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தட்டினால் அதிர்கிற ஓர் இரும்புக் கவையைக் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிர்றது தெரியுதா?"

"நல்லாத் தெரியுதும்மா."

"இப்போ?"

"ஜம்முன்னு அதிருது."

இரண்டாவது முறை அந்தக் கவையை டாக்டரம்மா தட்டவே இல்லை. தவளை தன் வாயால் கெட்டது.

"கண்ணைத் திறங்கய்யா. இது உங்க டிப்போ சோதனை இல்ல. முதுகுல சுருக்கம் இருக்கிறது நிஜம்தான். ஆனா பாதத்து நரம்பும் தனியா கெட்டிருக்கும்னு தோணுது. சுகரா, விட்டமின் குறைச்சலா, வேற ஏதாவதான்னு பாக்கணும். ஆபரேஷன் பண்ணா நடை தேறலாம். பாதத்துல உணர்ச்சி வந்துடும்னு மட்டும் நம்பிடாதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"செருப்பு கழண்டு போனாக்கூட இவருக்குத் தெரியல டாக்டர்."

காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ பிரேக்ல கால் இருக்குன்னு எப்படிய்யா கண்டுபிடிப்பீங்க?"

அவர் வலது பாதத்தைத் தரையில் ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"வண்டி நின்னாத் தெரியும்மா."

அன்று காலையும் எங்கள் மகள் அவருடைய பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போயிருந்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சாயங்கால வண்டிக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி டிப்போவுக்கு நானே பேசினேன். அவர் தடுக்கவில்லை.