மீன் தராசில் ஏறிய பெட்டி

கைப்பிள்ளைக்கு விமானத்தில் தனி இருக்கை கிடையாது, தாயின் மடிதான். ஆனால் பத்து கிலோ சாமான் உண்டு. இந்தச் செய்தியை எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் யார் முதலில் அவிழ்த்துவிட்டார்களோ தெரியாது. நான் லண்டனுக்குப் புறப்படும் முன்பே ஊருக்கெல்லாம் அது பரவியிருந்தது. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளி, "வாங்க பத்து கிலோ" என்று கொஞ்சினார்கள். மதுரங்குளியிலிருந்து வந்த உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி, "இவ பொறந்த நேரம், எங்கட கருவாடெல்லாம் பிளேன் ஏறுது" என்றார். எங்கள் ஆட்களின் கதை கேட்க உட்கார்ந்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் கதையோடு பார்சலும் வந்தது.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகிறவர் வெறும் ஆளாகப் போக முடியாது. பத்து வீட்டுச் சாமானைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் வாங்காமல் விட்டால் அது அவர் முகத்தில் கதவைச் சாத்தியது போல.

பிள்ளைக்கு எட்டு மாதம். அவளைப் போனில் மட்டுமே பார்த்திருந்த கணவரிடம் கொண்டு போகிறேன். எனக்கோ அவ்வளவு தூரம் இவளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்ற பயம். கையில் கொண்டு போகிற பையை மட்டும் நானே அடுக்கினேன். பம்பஸ், சூப்பிப் போத்தல், பால்மா, சுடுதண்ணிப் போத்தல், இவள் பாலைக் கக்கிச் சத்தி எடுத்தால் எனக்கு மாற்ற ஒரு உடுப்பு. அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினேன். பெரிய பெட்டியை உம்மா எடுத்துக்கொண்டார். "நீ புள்ளயப் பாரு. பெட்டிய நான் பாக்குறன்."

பக்கத்து வீட்டு மாமி வந்தது பெட்டி பூட்டிய பிறகு. மாமி கரையில் முதலாளியின் வாடியில், மீன் நிறுத்துக் காயப்போடும் கொட்டிலில், கருவாட்டுக்கு மீன் வெட்டுகிறவர். அவருடைய ஒரே மகன் லண்டனில், என் கணவர் வெள்ளிக்கிழமை போகிற அதே பள்ளிவாசலுக்குத்தான் வருவார். அங்கேயே தாயிடம் கேட்காமல் கலியாணம் முடித்துவிட்டார். "இனி எனக்குப் போன் எடுக்க வேணாம்" என்று கோபத்தில் மாமி சொல்ல, மகனும் எடுக்கவேயில்லை. சொன்னவருக்கும் மனம் இளகிவிட்டது, கேட்டவருக்கும் இளகியிருக்கும். ஆனால் யார் முதலில் எடுப்பது?

மாமி கோதுமை மாப் பையை வெட்டித் தைத்த ஒரு பொதியை நீட்டினார். "இத அவன்ட கையில குடுத்தாப் போதும் மகள். வேற ஒண்டும் சொல்லத் தேவல்ல."

பிள்ளை இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். காலையில் உம்மா எனக்குச் சொன்னதையே நான் அவருக்குச் சொன்னேன். "மாமி, புள்ளட சாமானே நெறஞ்சிட்டு. பெட்டி பூட்டேலாமப் பூட்டி ஈக்கு."

"ஓம் மகள், புள்ளட சாமான்தானே முந்தி" என்று பொதியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். குசினிக்குள் உம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் தம்பி பெட்டியை ஓட்டோவில் ஏற்றினான். பயணப் பெட்டி நிறுக்கிற சின்னத் தராசு எங்கள் பக்கம் யாரிடம் இருக்கிறது? எல்லோரும் மீன் வாடிக்குத்தான் கொண்டு போவார்கள். பிள்ளையும் நானும் கூடப் போனோம். முதலாளி பெட்டியின் கைப்பிடியைத் தொங்கு தராசின் கொளுக்கியில் மாட்டித் தூக்கினார்.

"சுறாவும் இல்ல, திருக்கையும் இல்ல. என்னடாப்பா இது?" என்றார் மீன் நிறுக்க வந்து நின்ற ஒருவர்.

"புள்ளயையும் கொளுவுங்க முதலாளி, சரியா கணக்குப் பாப்பம்" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன்.

முள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. "இத எயார்போட்ல போடேலா தங்கச்சி. தொறங்க, எறக்குவம்" என்ற முதலாளி, மீன் வெட்டும் மேசையில் சாக்கு விரித்துக் கொடுத்தார். மேசையின் அடுத்த முனையில் மாமி கட்டா மீன் கிழித்துக்கொண்டிருந்தார்.

தம்பி பெட்டியைத் திறந்தான். மேலே பிள்ளையின் போர்வை. அதைத் தூக்கினால், கீழே பெட்டியின் அகலத்துக்கு ஒரு சஹன். விருந்தில் ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டு, மூடியோடு. அதற்குள்ளும் இடம் வீணாகாமல் கஜு, மஸ்கட் இனிப்பு, லண்டனில் இருக்கும் என் கணவர் வீட்டாருக்குப் புதுச் சேலைகள். பிள்ளையின் சாமான் என்று நான் சொன்னது ஒரு மூலையில், சட்டைகள் கொஞ்சமும் ஒரு கட்டுப் பம்பஸும்.

"லண்டன்ல சஹன் சோறா? கலியாணம் ஆருக்கு?" என்று யாரோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமி நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து கத்தியை எடுத்தார்.

என் காது வரை சுட்டது. எனக்கு இது தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது உம்மாதான்..." என்று தொடங்கினான். நான் அவன் கையை அழுத்தினேன். உம்மா அங்கே இல்லை. மகள் வெறுங்கையோடு வந்தாள் என்று சம்பந்திகள் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் செய்தவர். அவ்வளவு ஆம்பிளைகளுக்கு நடுவில் அவர் பெயரைப் போட்டு நான் நல்லவளாவதா? பொய்க்காரி நானாகவே இருக்கட்டும் என்று விட்டேன். விட்டது லேசாகவும் இல்லை.

சஹனை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். மாமியிடம் போனேன். "மாமி, இப்ப இடம் ஈக்கு. அந்தப் பார்சல எடுத்து வரட்டா?"

"அது ராவே தொறந்து ஆக்கித் திண்டாச்சு மகள்" என்றார் மாமி, மீனைப் பார்த்துக்கொண்டே. "நீங்க நல்லபடியாப் போய்ச் சேருங்க."

தனி ஆள் அவர். ஒரு இரவில் அவ்வளவையும் யாருக்கு ஆக்கினார்? மகனுக்கென்று கட்டியதை அவர் தின்றிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் இன்னொருமுறை கேட்க எனக்கு வாயில்லை. வீட்டில் உம்மா சஹனைக் கண்டு, "ஏன் இது திரும்பி வந்த?" என்றார். "தராசு ஒத்துக்கொள்ளல்ல" என்றேன். உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சஹனை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

லண்டன் வந்த மறு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மாமியின் மகன் எங்கள் பிள்ளையைப் பார்க்க வந்தார். எனக்கு அவர் நானா, அண்ணன் முறை. பிள்ளைக்கு ஒரு பொம்மை கொண்டு வந்திருந்தார். தேத்தண்ணி குடித்தார். ஊர்க்காற்று எப்படி, களப்பில் இறால் எப்படி என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். கடைசியில் கோப்பையைப் பார்த்தபடி, "உம்மா ஒண்டும் தந்துவிடல்லதானே" என்றார். கேள்வியாக அல்ல, தனக்குத்தானே முடித்துக்கொண்ட ஒன்றாக.

கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"தந்தாங்க நானா" என்றேன். "தைச்சுக் கட்டிக் கொண்டு வந்தாங்க. புள்ளட சாமான் எண்டு சொல்லி நான்தான் திருப்பி அனுப்பிட்டன். இடம் ஈந்திச்சி."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோப்பையை மெதுவாக வைத்தார். "தந்தாங்களா?" என்றார். "அதுல என்ன ஈந்திச்சி?"

எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடமில்லை என்று சொல்ல நேரமிருந்த எனக்கு, இதற்குள் என்ன மாமி என்று கேட்க நேரமிருக்கவில்லை.

"கேக்கல்ல நானா" என்றேன்.

அவர் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "உம்மா" என்ற சத்தம் கேட்டது. பிறகு, "பார்சல்ல என்ன வச்சீங்க?" என்றார்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுச் சப்பாத்தைக் காலில் மாட்டினார். என்ன பதில் வந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் முகம் எனக்கு இருக்கவில்லை.