மீட்டர் தூங்கிய ஏழு மாதம்

வாடகைக் கார் ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு ஸ்டாண்டில் வைத்த பெயர் விடாப்பிடி. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருத்தருக்கும் ஆள் தெரியாது. பெயருக்கு ஏற்ற ஆள்தான். அவள் பிடித்த முயலுக்கு மூணு கால் என்றால் மூணுதான். நாலாவதைக் காட்டினால், “அது வாலு, நல்லாப் பாரு” என்பாள்.

காரை அவள் புதுசாக வாங்கினாள். வாங்கிய அன்றே டாஷ்போர்டுப் பெட்டி மூடியின் உள்பக்கம் வெள்ளை பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர் அந்த எண்ணைத் தொட்டால் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். பத்தாயிரத்துக்கு ஒருதரம் ஆயிலும் அதன் ஃபில்டரும். கையோடு முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிவிட வேண்டும். இருபதாயிரத்துக்கு ஏர் ஃபில்டர். கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் ரெண்டு வருஷம் தாண்டக் கூடாது. அறுபதாயிரத்தில் டைமிங் பெல்ட்.

போன வருஷம் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆணி வைத்து, பிரித்து, மறுபடி வைத்து ஒன்பது மாதம் போனது. அதுவரை வண்டியைக் கொழுந்தன் ஓட்டினான். நல்லவன், ஆனால் எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஜாதி. கை தேறி அவள் வண்டியில் ஏறி மீட்டரைப் பார்த்தபோது நாலாயிரத்துச் சொச்சம்தான் கூடியிருந்தது. “ஒன்பது மாசமும் சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கினியா?” என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவன் அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

உண்மை வெளிவந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் அவளுடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மலைக்கு அந்தப் பக்கம், இருநூறு கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி. ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. பத்து மணிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் அடுத்தவருக்கு. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருப்பது இன்னொரு ஆறு மாதம் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

விடாப்பிடி டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் காபிக் கோப்பையோடு படியில் உட்கார்ந்து, “மலைப்பாதையில மெதுவாப் போங்க அண்ணி. உங்களுக்காவது வேகம் காட்டற முள் வேலை செய்யுது. எனக்கு ஏழு மாசம் வேகமே தெரியாது. பின்சீட்டுல இருக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டா, சரி, வேகமாப் போறோம்னு குறைச்சுக்குவேன்” என்று சிரித்தான்.

அவள் நிமிர்ந்தாள். “முள் வேலை செய்யலையா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். “மீட்டரே செத்துப்போச்சு அண்ணி. நீங்க திரும்பி வர்றதுக்கு முந்தின வாரம்தான் சரி பண்ணினேன்.”

“அப்போ சோம்பேறின்னு திட்டினப்ப?”

“மீட்டர் செத்ததை மறைச்ச பொய்க்காரன்னு திட்டு வாங்கறதுக்கு சோம்பேறி தேவலைன்னு விட்டுட்டேன்.”

அவள் அவனை அடிக்கவில்லை. அதற்கு நேரமில்லை. எங்கெங்கே ஓட்டினான் என்று அவனிடமே கேட்டு, தரையில் உட்கார்ந்து விரலை மடக்கினாள். தினம் ஆலை ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றி இறக்கியது, போகவர தொண்ணூறு கிலோமீட்டர். மாதம் இருபத்தாறு நாள். ஏழு மாதம். பதினாறாயிரத்துக்கு மேல் வந்தது. மீட்டர் காட்டுவது ஐம்பத்திரண்டாயிரம். அப்படியென்றால் வண்டி ஓடியது அறுபத்தெட்டாயிரம்.

அறுபதாயிரத்தில் மாற்றியிருக்க வேண்டிய பெல்ட் அவள் நினைவுக்கு வந்தது. பிரேக் தேய்ந்தால் கீச்சென்று கத்தும். பாட்டரி போகப்போகிறதென்றால் காலையில் முனகும். டயர் கண்ணுக்கே தெரியும். டைமிங் பெல்ட் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போகிற சாமான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் அந்த இடத்திலேயே செத்துவிடும். மலை ஏற்றத்தில், பாதிக் கண் தெரிகிற அக்காவோடு.

தையல்கடை வைத்திருக்கும் புருஷன், “வேற வண்டி பாரேன்” என்றார். ஸ்டாண்டில் கேட்டாள், இரண்டு நாளைக்கு ஒரு வண்டியும் காலியில்லை. அந்தப் பக்கம் போகிற ஒரே பஸ் இன்றைக்குப் போய்விட்டது, நாளைக்கு அதில் ஏறினால் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும்.

நேரே ஒர்க்ஷாப்புக்கு ஓட்டினாள். மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“திங்கக்கிழமை வாக்கா. இடமே இல்ல.”

“நாளைக்குக் காலையில மலை ஏறணும். டைமிங் பெல்ட் மாத்து.”

அவன் எழுந்து வந்து மீட்டரை எட்டிப் பார்த்தான். “ஐம்பத்திரண்டுதானே? இன்னும் எட்டாயிரம் இருக்கே.”

“மீட்டர் ஏழு மாசம் தூங்குச்சு. வண்டி தூங்கல.”

“உனக்குப் பயம் வந்தா நான் இருக்கிற வேலையைப் போட்டுட்டு ஓடி வரணுமா? போக்கா.”

போகவில்லை. காரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஒரு வண்டியும் வெளியே போக முடியாது. மெக்கானிக் கத்தினான், கெஞ்சினான். வண்டி எடுக்க வந்த ஆள் ஒருவர், “என்னம்மா இது அநியாயம்?” என்றார்.

“என் அக்கா கண்ணுங்க. நீங்களே சொல்லுங்க, நியாயம் எதுன்னு” என்றாள். அவர் பக்கத்து டயரில் உட்கார்ந்தார்.

கடைசியில் மெக்கானிக் இறங்கி வந்தான். “மூடியை மட்டும் கழட்டறேன். பெல்ட் நல்லா இருந்தா எழுந்து போயிடணும்.”

மூடியைக் கழற்றினான். பெல்ட் கறுப்பாக, வழவழவென்று இருந்தது. “பாரு, புதுசாட்டம் இருக்கு.”

“முதுகைக் காட்டறே. வயித்தைக் காட்டு.”

முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாக வளைத்தான். பற்களின் அடியில் முடி கனத்துக்கு வெடிப்புக் கோடுகள் ஓடியிருந்தன. அவன் கோட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். பிறகு, “பொய் சொல்ல மாட்டேன்க்கா. இது இன்னும் அஞ்சாயிரம் ஓடினாலும் ஓடும். நாளைக்கே அறுந்தாலும் அறும். எனக்கே தெரியல” என்றான்.

“உனக்கே தெரியலைன்னுதான் மாத்தச் சொல்றேன்.”

மெக்கானிக் ஒத்துக்கொண்டான். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளையையும் தண்ணீர் பம்ப்பையும் கூடவே மாற்றச் சொன்னான். பிரித்தது பிரித்தாயிற்று, அவற்றுக்கும் அதே வயசுதான். சாமான் வாங்க, கூடவே வந்திருந்த கொழுந்தனை அனுப்பினாள். மாதிரிக்குப் பழைய பெல்ட்டை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

“கடைக்காரன் முன்னாடி ஒவ்வொரு பல்லா எண்ணிப் பார்த்து வாங்கு. ஒரு பல்லு குறைஞ்சாலும் உன் பல்லுல ஈடு கட்டுவேன்” என்றாள்.

“என் பல்லு இந்த வண்டிக்குச் சேராது அண்ணி” என்று ஓடினான்.

மூன்று மணி நேரம் கழித்துச் சரியான சாமானோடு வந்தான். மெக்கானிக் பெல்ட் ஓடும் சக்கரங்களின் குறிகளைப் பொருத்திப் பெல்ட்டை மாட்டினான். ஸ்டார்ட் பண்ணப் போனவனை அவள் விடவில்லை. இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லி, குறிகள் திரும்பவும் நேராக வந்து நிற்பதைக் குனிந்து பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். பொழுது சாயும்போது வாசல் காலியானது.

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். பாதி மலை ஏறியதும் அக்கா ஆரம்பித்தாள்.

“ஏன்டி, வண்டி நேத்து மாதிரியே தானே ஓடுது? எதுக்கு ஊரைக் கூட்டினே?”

“நேத்து மாதிரியே ஓடணும்னுதான்.”

“பழைய பெல்ட்டே கொண்டுவந்து விட்டிருக்கும்.”

“விட்டிருக்கலாம்.”

“அப்போ தோத்துட்டேன்னு ஒத்துக்கோ.”

“ஆபரேஷன் முடியட்டும், ஒத்துக்கறேன். இப்ப வாயை மூடிட்டு வா, வளைவு வருது.”

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசல். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் அக்கா எழுந்தாள். தங்கையின் கையை, அதிலும் ஆணி வைத்த மணிக்கட்டையே, இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. விடாப்பிடி கையை இழுக்கவில்லை. கதவு வரைக்கும் கூடவே நடந்தாள்.

கதவு மூடியது. உள்ளே ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் கீழே போய், சூடு தணிந்துகொண்டிருந்த இன்ஜினைத் திறந்து, புதுப் பம்ப் எங்காவது கசிகிறதா என்று விரலால் துடைத்துப் பார்த்தாள். காய்ந்த விரல். பானட்டை அழுத்தி மூடிவிட்டு மறுபடி மாடியேறி, அந்தக் கதவுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.