மகள் கழற்ற மறுத்த மாவுக்கட்டு

என் மகளின் காலில் ஏதோ கோளாறு என்று முதலில் சொன்னவர் டாக்டர் அல்ல. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த தையல்கார அக்கா. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. மகளுக்கு ஒன்றேமுக்கால் வயது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பாள். நாங்கள் கைதட்டி ரசிப்போம்.

அந்த ரம்ஜானுக்குத் தன் பிள்ளைகளோடு சேர்த்து அவளுக்கும் ஒரு கவுன் தைத்தார் அக்கா. போட்டுப் பார்த்தால் கீழ் விளிம்பு ஏறி இறங்கி நின்றது. இரண்டு முறை பிரித்துத் தைத்தார். மூன்றாம் முறை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், தையல் சரியாத்தான் கீது. பாப்பாவுக்கு ஒரு காலு குட்டையா கீற மாதிரி தெரியுது. டாக்டராண்ட காட்டிடுங்க."

எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர், "தொடை எலும்போட பந்து இடுப்புக் குழியில உட்காரவே இல்லம்மா. ஆபரேஷன் பண்ணி உட்கார வெச்சுடலாம். நல்லவேளை, சின்ன வயசுலயே வந்துட்டீங்க" என்றார். மின்சார ரயிலில் வீடு வந்து சேரும்வரை, நாங்கள் கைதட்டிச் சிரித்ததெல்லாம் நெஞ்சை அறுத்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மார்புக்குக் கீழிருந்து இரண்டு கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கால்கள் அகன்றே இருக்க நடுவில் ஒரு கட்டை. மூன்று மாதம் இப்படித்தான். வீடு திரும்ப ஆட்டோ பிடித்தோம். எப்படிக் கிடத்தினாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கணவர் அதை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

"கவலப்படாதீங்க சார், மெதுவா போறேன். இண்டிகேட்டர் கணக்கா கீது பாப்பா காலு" என்றார் டிரைவர். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அக்கா பக்கவாட்டில் பிரஸ் பட்டன் வைத்து, கட்டின்மேல் போடுகிற மாதிரி கவுன்களாகத் தைத்துத் தள்ளினார். மூன்றாவது வாரமே மகள் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி மொசைக் தரையில் வீடு முழுக்க நீந்த ஆரம்பித்தாள். சோறு வரத் தாமதமானால் கட்டின்மேல் கரண்டியால் தாளம் போடுவாள்.

கட்டைப் பிரித்த அன்று நாங்கள் பூரித்து நிற்க, அவளோ ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதாள். "என் கட்டு! என் கட்டக் குடு!" டாக்டர் சிரித்துக்கொண்டே அந்தக் கட்டின் ஒரு துண்டை உறையில் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். பிறகு மறந்துவிட்டாள்.

சுவரைப் பிடித்து, ஸ்டூலைத் தள்ளி, மெல்ல மெல்ல நடந்தாள். சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அக்காவோடு பல்லாவரம் சந்தைக்குப் போனோம். ஒரு கூடை நிறைய சாயம் பூசிய கோழிக்குஞ்சுகள். என் கையை உதறிவிட்டு ஓடினாள். சாயாமல், ஆடாமல், நேராக ஓடினாள்.

"புடிங்க டீச்சர்!" என்று கத்தினார் அக்கா. நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே துரத்திப் பிடித்துத் தூக்கி வந்தார். மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "இன்னா டீச்சர், அழுவுறீங்களா? எப்படி ஓடுது பாருங்க!"

துணி வாங்கப் போன நாங்கள், அட்டைப்பெட்டியில் ஒரு பச்சைக் குஞ்சோடு ரயிலேறினோம்.