தண்ணியக்காவின் கேள்வி

இருபத்தெட்டு வருடம் அவள் பார்த்த வேலை தண்ணீர் ஊற்றுவது. கல்லூரியில் உளவியல் துறையின் கடைசி அறை. குட்டையான மேஜை, அதைவிடக் குட்டையான நாற்காலிகள். ஒரே மாதிரி இரண்டு தம்ளர்களில் சம அளவு தண்ணீர். "ரெண்டுலயும் ஒரே அளவா?" என்று கேட்பாள். பிள்ளை தலையாட்டியதும் ஒன்றை எடுத்து ஒல்லியான, உயரமான தம்ளரில் ஊற்றுவாள். "இப்போ?"

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். ஏன் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி அட்டையில் எழுத வேண்டும். சரி, தப்பு என்று முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. சிரிப்பு அறவே கூடாது. "இது எக்கி நிக்குதுல்ல" என்று ஒருத்தி சொன்னபோதும் சிரிக்கவில்லை. "குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டுமா?" என்று கேட்டவனிடமும் இல்லை. அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் சிரிப்பாள்.

பிள்ளைகள் அவளுக்குத் தண்ணியக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் கணவர் உயிரோடு இருந்தவரை அதை விடவில்லை. "நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. எங்க வீட்டம்மாதான் காலையில ஒன்பது மணிக்கே தண்ணியில இருப்பாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. இப்போதும் ஜன்னலில் சாய்வாக வெயில் விழுந்தால் அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது. ஈரத்துணி வாசனை, ஆடும் சிறு கால்கள், பதில் வருவதற்கு முந்தைய அமைதி. அந்த அமைதி அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரே ஒரு நாளைத்தான் நினைக்கப் பிடிக்காது. அன்று வரவேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல். ஆய்வை நடத்திய பேராசிரியர், "உங்க பொண்ணுதான் இருக்காளே, உக்கார வைங்க" என்றார். மகளுக்கு அப்போது நாலு வயது. உயரமான தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏன்?"

"நீ குடிக்கவே இல்லையே."

நாலு வயதில் அப்படி ஒரு பதிலை அந்த அறை கேட்டதில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த பேராசிரியர் அட்டையில் குறுக்கே கோடு போட்டார். பக்கத்தில், 'தாய் குறிப்புக் காட்டியிருக்கிறார்' என்று எழுதினார். அவள் தம்ளர்களைக் கழுவி வைத்தாள். அதற்குப் பிறகும் அவர் ஓய்வு பெறும்வரை பத்தொன்பது வருடம் அவரிடமே வேலை பார்த்தாள்.

தான் குறிப்புக் காட்டவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மகள் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். கேட்கத்தான் முடியவில்லை. எடுத்துக் கொடுத்துக் கேட்டால் இல்லாத ஞாபகமும் முளைத்துவிடும் என்பது அந்த அறையின் பாலபாடம். தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் துறையிலிருந்து போன் வந்தது. கட்டடத்தைக் காலி செய்கிறார்கள், பேராசிரியரும் வருகிறார், கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். இன்று கூட்டிப்போக மகள் காரோடு வந்து நின்றாள்.

"நான் வரல" என்றாள் தண்ணியக்கா.

"நேத்து வரைக்கும் அந்த ரூம், அந்த ரூம்னு உருகுனியேம்மா. சார் வர்றாருன்னதும் வேண்டாங்கிறே, அவர்கிட்ட என்ன கோபம்?"

அவள் மகளை உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்து வைத்த மாதிரி ஆக்கிக்கொண்டாள்.

"அந்த ரூம்ல உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"ஐயோ, இந்த மூஞ்சியா! இது தெரிஞ்சிருந்தா ஓடியே போயிருப்பேன்" என்று மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்றதும் யோசித்தாள். "தண்ணி ஊத்தினே. பெரிய தம்ளர்தான்னு சொல்ல வாயெடுத்தேன். நீ மூச்சை நிறுத்திட்டே."

"நானா?"

"மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. மூச்சு மட்டும் நின்னுபோச்சு. சரி, இது இல்லபோலன்னு மாத்திச் சொன்னேன்."

தண்ணியக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நான் குடிக்கலைன்னு சொன்னியேடி, அது?" என்றாள்.

"நீ ஏன்னு கேட்டுட்டியே. எதையாவது சொல்லணுமேன்னு சொன்னேன். சொன்னதுக்கப்புறம் பாத்தா நிஜமாவே ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

பேராசிரியர் போட்ட கோடு சரிதான். இத்தனை வருடம் உள்ளே கட்டிக்காத்த வழக்கு அரை நிமிடத்தில் தோற்றுப்போனது. ஆனால் வலிக்கவில்லை. தண்ணீரைப் பார்க்கச் சொன்னால் இவள் என்னைப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"என்னாச்சும்மா உனக்கு?"

"வண்டியை எடு. அவர் கிளம்பிடப் போறாரு."

"வரலைன்னியே?"

"நீங்க அட்டையில கோடு அடிச்சது சரிதான் சார்னு சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"அடிச்ச கையோட பிள்ளைகிட்ட, இப்போ எப்படித் தெரியுதுன்னு இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாமேன்னும் சொல்லணும்" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும்தான் கேக்கல."